சொந்த டைப்புக்கு [] வைக்கிறது: சி++, ரஸ்ட், டி, ஸிக் நாலையும் வச்சு ஒரு அலசல்

ப்ரோக்ராமிங் மொழியில சொந்தமா ஒரு டைப் (டேட்டா வகை) எழுதி, அதுக்கு [] போட்டா என்ன நடக்கணும்னு நாமளே ஃபங்ஷனா எழுதி ஓவர்லோட் பண்ணிட்டா ஏதோ நிஜ அரே மாதிரியே ஆயிடுச்சுன்னு ஒரு திருப்தி வரும். ஆனா அந்த ரெண்டு குறி ரெண்டு வேலை பார்க்குது, எடுக்கிறது ஒண்ணு, வைக்கிறது ஒண்ணு, இது ரெண்டையும் ஒரே ஃபங்ஷன்ல அடக்கலாமா கூடாதாங்கிறதுலதான் இந்த மொழிங்க பிரியுது.

சி++ல வழக்கமான வழி, உள்ள இருக்கிற பொருளுக்கு ஒரு ரெஃபரன்ஸை (காப்பி இல்ல, அதே பொருளைக் காட்டுற கைப்பிடி) திருப்பிக் கொடுக்கிறது. படிக்கணும்னா படி, எழுதணும்னா அது மேலயே எழுது. வெக்டர்ல (நீளம் மாறக்கூடிய அரே) இது பறக்கும், எல்லை தாண்டினா கேட்க ஆளில்ல, சோதனை வேணும்னா அட் ஃபங்ஷன் இருக்கு. வம்பு எங்கன்னா மேப்ல, அதாவது ஒரு கீயைக் கொடுத்தா அதுக்குரிய மதிப்பைத் தர்ற அமைப்புல. இல்லாத கீயை [] போட்டு கேட்டா அது இல்லைன்னு சொல்லாது, அந்த இடத்துலயே ஒரு டிஃபால்ட் வேல்யூவை உருவாக்கி நம்ம கையில கொடுத்துடும், ஏன்னா ரெஃபரன்ஸ் கொடுக்கணும்னா அதுக்கு ஒரு பொருள் இருந்தாகணுமே. நான் ஒரு தடவ "எண்ணிக்கை[பேர்] பூஜ்யமா"ன்னு செக் மட்டும்தான் பண்ணேன், மேப் பாட்டுக்கு ஊதிக்கிட்டே போச்சு, மெமரி லீக்னு நினைச்சு ஒரு முழு நாள் வேற எங்கயோ தேடிட்டு இருந்தேன். மேப்பை கான்ஸ்ட்டா (மாத்தக்கூடாதுன்னு சொல்லி) வாங்கியிருந்தா கம்பைலரே தடுத்திருக்கும், கான்ஸ்ட் மேப்ல [] வேலையே செய்யாது.

ரஸ்ட்லயும் ரெஃபரன்ஸ்தான், ஆனா படிக்க இண்டெக்ஸ், மாத்த இண்டெக்ஸ்மியூட்னு ரெண்டு ட்ரெய்ட்டா (ஒரு டைப் என்னென்ன செய்யும்னு சொல்ற ஒப்பந்தம்) பிரிச்சிருக்காங்க. ரஸ்ட்டோட மேப்பான ஹேஷ்மேப்ல முதல் ட்ரெய்ட் மட்டும்தான், இல்லாத கீயை கேட்டா பேனிக் (ஓட்டம் அங்கயே முறிஞ்சிடும்), மேப்["அ"] = 5னு எழுதினா கம்பைலே ஆகாது, இன்சர்ட் இல்லேன்னா என்ட்ரிங்கிற மெத்தட் போடணும். முதல்ல எரிச்சலா இருக்கும், மேல சொன்ன கதைக்கு அப்புறம் எனக்கு எரிச்சல் போயிடுச்சு.

ஆனா ரெஃபரன்ஸ் வழி மொத்தமா சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு, பிட்செட். ஒரு 64 பிட் எண்ணுக்குள்ள 64 ஆமா/இல்லைய அடைச்சு வச்சிருக்கோம், இதுல 17-வது பிட்டுக்கு தனியா அட்ரஸ் கிடையாது, அப்புறம் எதுக்கு ரெஃபரன்ஸ் கொடுக்க? சி++ல வெக்டர்<பூல்> இதுக்கு ஒரு ப்ராக்ஸி பொருளைக் (அந்த பிட்டுக்கு பதிலா நிக்கிற சின்ன பொருள்) கொடுக்குது, அதனால ஆட்டோ (டைப் என்னன்னு கம்பைலரே முடிவு பண்ணட்டும்) போட்டு வி[0]வ ஒரு வேரியபிள்ல வாங்கி, அப்புறம் அந்த வேரியபிள மாத்தினா வெக்டரே மாறிடும், காப்பின்னு நம்பினவன் கதி அதோகதி. ரஸ்ட்ல ட்ரெய்ட்டோட ஃபங்ஷன் வரையறையிலயே ரெஃபரன்ஸ்தான்னு எழுதியாச்சு, ப்ராக்ஸிக்கு வழியில்ல. படிக்கிறதுக்கு ட்ரூ, ஃபால்ஸ்ங்கிற ஸ்டாட்டிக் மதிப்புகளுக்கு ரெஃபரன்ஸ் கொடுத்து சமாளிக்கலாம், எழுதறதுக்கு செட் மாதிரி ஒரு மெத்தட் வச்சே ஆகணும்.

இந்த இடத்துல டி மொழிதான் எனக்குப் பிடிக்குது. ஏ[i] = வி அப்படின்னா ஆப்இண்டெக்ஸ்அசைன், ஏ[i] += வி அப்படின்னா ஆப்இண்டெக்ஸ்ஆப்அசைன், சும்மா படிச்சா ஆப்இண்டெக்ஸ், எல்லாம் தனித்தனி, பிட்செட்டுக்கு மாஸ்க் போடுற (வேணும்ங்கிற பிட்ட மட்டும் பிரிச்சு மாத்துற) வேலையை நேரா அசைன் ஃபங்ஷனுக்குள்ள எழுதிட்டுப் போயிடலாம். ஆப்டாலர் எழுதி வச்சா கடைசி உறுப்பைக் கேட்கிற ஏ[$-1]கூட நம்ம டைப்புக்கு வரும். விலை என்னன்னா எழுத வேண்டிய ஃபங்ஷன் ஜாஸ்தி, அதோட ஆப்இண்டெக்ஸ் காப்பியா ஒரு ஸ்ட்ரக்ட்ட கொடுத்துட்டு அது மேல மாத்துற மெத்தட் ஒண்ணைக் கூப்பிட்டா மாற்றம் அந்த காப்பியோடயே போயிடும்.

மேட்ரிக்ஸுக்கு ரெண்டு இண்டெக்ஸ் வேணும்னா டில எப்பவோ இருக்கு, ரஸ்ட்ல எம்[(2, 3)]னு ட்யூப்பிள் (ரெண்டு எண்ணையும் ஒரே கட்டா கட்டினது), பார்க்க கொஞ்சம் அசிங்கம் ஆனா வேலை நடக்கும். சி++ல எம்[2, 3] சி++23ல தான் ஒழுங்கா வந்துச்சு, அதுக்கு முன்னாடி அந்த கமா 2ஐ தூக்கி எறிஞ்சிட்டு எம்[3]ன்னு படிச்சுக்கும், அதுக்குத்தான் எல்லாரும் எம்(2, 3)னு எழுதிட்டு இருந்தாங்க.

ஸிக்ல பேச்சே இல்ல, ஓவர்லோட் கிடையாது, கெட், செட்னு மெத்தட் எழுதிக்கோ. மேட்ரிக்ஸ் கணக்கு நிறைய இருந்தா கண்ணு வலிக்கும், மத்தபடி என் மேப் பக் அங்க வந்தே இருக்காது. இப்போ சி++லயும் மேப்ல படிக்க ஃபைண்ட் மட்டும்தான் போடுறேன், [] மதிப்பை வைக்கிறதுக்கு மட்டும்.