ஏற்காட்டு காட்டேஜுக்கு பயோ டேங்க் சரிப்படுமா?

நாகலூர் பக்கம் வாடகைக்கு விட காட்டேஜ் கட்டும் நண்பர் கேட்டார்: "பயோ டேங்க் போட்டு வருஷக்கணக்காச்சே, எப்படிண்ணா இருக்கு? பேசாம செப்டிக் டேங்கே கட்டிடவா?" கழிவறைக் கழிவை பாக்டீரியாவை வைத்தே கரைக்கும் தொட்டிதான் பயோ டேங்க். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இடத்தில் ரெண்டடி மண்ணுக்குக் கீழே பாறை. செப்டிக் டேங்குக்குப் பெரிய குழி எடுக்க வழியில்லை. எடுத்தாலும் பாறை வெடிப்பு வழியாக அழுக்குத் தண்ணீர் சரிவில் இருக்கும் கிணற்றுக்குத்தான் போகும். தொட்டி நிரம்பினால் கழிவுநீர் லாரி சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வரவேண்டும். வந்தாலும் எஸ்டேட் பாதையில் திரும்ப இடமில்லை. பயோ டேங்க் என்றால் ஃபைபர் தொட்டிதான், அதை ஆட்களே தூக்கி வந்து வைத்துவிட்டார்கள்.

சியாச்சின் மாதிரி உறைபனிப் பகுதியில் இருக்கும் ராணுவத்துக்காக, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய முறை இது. ரயில் பெட்டிகளில் இருப்பதும் இதே வகைதான். உள்ளே தடுப்புகள், அவற்றில் பாய் மாதிரி விரிப்பு. அதில் ஒட்டி வாழும் பாக்டீரியா, காற்றில்லாமலேயே மலத்தைத் தின்று தண்ணீரும் வாயுவுமாக ஆக்குகிறது. வாயு குழாய் வழியே மேலே போய்விடும்.

நன்றாக ஓடும் மாதங்களில் வெளியேற்றுத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்தால் எனக்கே ஆச்சரியம்தான். லேசாக மஞ்சளோடிய தெளிவான தண்ணீர், மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. அது போகிற இடத்தில் நட்ட கல்வாழை என் உயரத்துக்கு மேல் நிற்கிறது. மார்கழிக் குளிரில் கொஞ்சம் மந்தமாகி, தண்ணீர் கலங்கலாக வரும். வெயில் வந்ததும் சரியாகிவிடும்.

என் கோபமெல்லாம் விற்றவர் சொன்ன "பராமரிப்பே தேவையில்லை" என்ற ஒரு வாக்கியத்தின் மேல்தான். தொட்டிக்கு வேலை இல்லை, உண்மை. ஆனால் தொட்டிக்குள் என்ன போகிறது என்று நாள் முழுக்கக் காவல் இருக்கவேண்டும். சுத்தம் செய்ய வரும் அக்காவிடம் ஆசிட், பிளீச்சிங் பவுடர், பினாயில் மூன்றும் கூடாது என்றேன். "ஆசிட் ஊத்தலன்னா மஞ்சக் கறை எப்படிங்க போகும்?" என்றார். நியாயமான கேள்வி. சோப்புத்தூளும் பிரஷும் வைத்துத் தேய்த்துத் தேய்த்து அவருக்குக் கைவலிதான் மிச்சம். எலுமிச்சை உப்பைக் கொஞ்சமாகப் போட்ட பிறகுதான் கறை ஓரளவு விட்டது.

அக்காவாவது கேட்டுக்கொண்டார். விருந்தினர்களை என்ன செய்வது? கதவில் எழுதி ஒட்டி, குப்பைக்கூடையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அப்படியும் இந்த மாதம் அடைத்துக்கொண்டது. பிளம்பர் கம்பி விட்டு இழுத்தால், ஈரத்துடைப்பான்கள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு சாம்பல் நிறக் கயிறாக வந்துகொண்டே இருந்தன. குழந்தைக்குத் துடைக்கிற அந்தத் தாளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் இழை இருக்கிறது, தொட்டியில் இருக்கும் பாக்டீரியா அதைத் தின்னாது. கையுறையோடு அதைப் பிரித்துப் போட்டவர் அந்த பிளம்பர். காசு கொடுத்துவிட்டால் தீருகிற சங்கடமில்லை அது.

ரயில்வேயிலும் இதே கதைதான். 2017ல் வந்த தணிக்கை அறிக்கையிலேயே பயோ டாய்லெட் அடைப்புப் புகார்கள் பெரிதாகப் பேசப்பட்டன. அதே சமயத்தில் சென்னை ஐ.ஐ.டி. ஆய்வு, இது சாதாரண செப்டிக் டேங்கைவிடப் பெரிதாக மேலில்லை என்றது. என் தொட்டித் தண்ணீரைப் பார்க்கும்போது அதை முழுசாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஆனாலும் அந்தத் தண்ணீரைக் கிணற்றுப் பக்கம் விட எனக்குத் துணிச்சல் கிடையாது. கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் கிருமி இருக்கும். கல்வாழைப் பாத்தியைத் தாண்டி அது போகக்கூடாது.

நீங்களே குடியிருக்கிற வீடென்றால் யோசிக்காமல் போடுங்கள், இதைவிட நல்ல ஏற்பாடு இந்த மலைக்கு எனக்குத் தெரியவில்லை. ஆனால் வாரக்கடைசியில் ஆள் மாறும் காட்டேஜுக்கு, அந்தக் கயிறைப் பார்த்த பிறகு, வேண்டாம் என்றுதான் சொல்வேன். உங்கள் மனையில் முதலில் குழி தோண்டிப் பாருங்கள். பாறை சீக்கிரமே தட்டுப்பட்டால் பயோ டேங்கைத் தவிர வேறு வழியில்லை, கூப்பிடுங்கள். தொட்டிக்கு முன்னால் கம்பிவலை வைத்த சின்ன அறை ஒன்று கட்டாயம் வேண்டும், அதை எந்த மட்டத்தில் கட்டுவது என்று வந்து காட்டுகிறேன்.