2 லட்சம் கி.மீ. ஓடிய ஸ்விஃப்ட் டீசல்: வைத்து ஓட்டுவதா, என்ஜின் வேலை பார்ப்பதா, புது வண்டி வாங்குவதா?

மாருதி டீசல் கார்களை 2020 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. அதனால் இன்று ரோட்டில் ஓடும் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் டீசல்களில் புதுசு என்று ஒன்றும் இல்லை. பல வண்டிகளில் மீட்டர் 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கிளட்ச், டர்போ (என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்), டைமிங் செயின் (வால்வையும் பிஸ்டனையும் ஒத்திசைக்கும் சங்கிலி) என்று ஏதாவது ஒரு பெரிய பில் வரும் நாளில்தான் "இன்னும் இதுக்குச் செலவு பண்ணணுமா?" என்ற பேச்சு வீட்டில் எழும்.

அதற்கு மீட்டரைப் பார்த்துப் பதில் சொல்லக் கூடாது. இந்த வண்டிகளில் இருப்பது ஃபியட் வடிவமைத்த 1,248 சிசி மல்டிஜெட் டீசல் என்ஜின். பிளாக் வார்ப்பிரும்பு; டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். டாடா விஸ்டா, மான்சா, ஃபியட் புன்டோ, லீனியா எல்லாவற்றிலும் இதே என்ஜின் குடும்பம் என்பதால் பாகத்துக்கும் பஞ்சமில்லை, வேலை தெரிந்த மெக்கானிக்குக்கும் பஞ்சமில்லை. என்ஜினைக் காசு கொடுத்து மீட்டுவிடலாம். பாடி துருப்பிடித்துவிட்டால் மீட்பது கடினம். ஆகவே கணக்கை அடிப்பகுதியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் லிஃப்டில் ஏற்றுங்கள்

பார்க்க வேண்டியவை நான்கு இடங்கள்: இரு பக்கக் கதவுகளுக்குக் கீழே ஓடும் படிப்பகுதி, ஓட்டுநர் காலடித் தரைத் தகடு, முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியோடு சேரும் கிண்ணம், பின் ஆக்சில் பாடியில் மாட்டும் இடம். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த தகடு மொத்தென்று கேட்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறது என்று பொருள். மேலே பூத்த துருவைச் சுரண்டி, ப்ரைமரும் அண்டர்பாடி கோட்டிங்கும் அடித்தால் போதும். ஆனால் கிண்ணத்திலோ ஆக்சில் மாட்டும் இடத்திலோ ஓட்டை விழுந்திருந்தால் அந்த வண்டிக்கு இனி பெரிய செலவு செய்ய வேண்டாம். வெல்டிங் வைத்தாலும் அந்த இடம் பழைய பலத்துக்கு வருவது அபூர்வம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர் வண்டிகளுக்கு இந்தச் சோதனை இரட்டிப்பு முக்கியம். வெள்ளத்தில் நின்ற வண்டியென்றால் கார்பெட்டைத் தூக்கி வயரிங் கனெக்டர்களையும் பார்க்க வேண்டும். பச்சை படிந்திருந்தால் எலெக்ட்ரிக்கல் தொல்லை ஓயவே ஓயாது.

பாடி தேறினால்தான் கீழே உள்ளவற்றைப் படிப்பதில் பயன் உண்டு.

வழி 1: என்ஜினைத் திறக்காமல் ஓட்டுவது

2 லட்சம் தாண்டிய மல்டிஜெட்களில் "என்ஜின் போச்சு" என்று சொல்லப்படுபவற்றில் கணிசமானவை என்ஜின் போனவை அல்ல. நோயைத் தவறாகக் கண்டுபிடிப்பதுதான் இந்த வண்டிகளில் அதிகம் பணம் தின்னும் விஷயம்.

கரும்புகை, இழுவை இல்லை: முதலில் டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றி, அடிப்பக்கம் கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட டர்போ காற்றை வெளியே விட்டுவிடும். அடுத்து இஜிஆர் வால்வு (வெளியேறும் புகையில் ஒரு பங்கை என்ஜினுக்கே திருப்பிவிடுவது). கரி படிந்து திறந்த நிலையிலேயே சிக்கியிருந்தால் இதே அறிகுறிதான். இவற்றைப் பார்க்காமல் டர்போவை மாற்றுவது வீண் செலவு.

நீலப்புகை: ஆயில் எரிகிறது. ஆனால் எங்கிருந்து வருகிறது? அதே இன்டர்கூலர் ஹோஸுக்குள் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சகஜம். குளமாகத் தேங்கியிருந்தால் டர்போ சீல்மீது சந்தேகப்படலாம். ஹோஸ் காய்ந்திருந்தும் நீலப்புகை வந்தால் காரணம் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திருகித் திறந்து, அதன் மேலேயே தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. துள்ளி விழுந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. டர்போவை மாற்றும்போது அதற்கு ஆயில் கொண்டுபோகும் குழாயையும் புதிதாகப் போட்டு, அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, அதிலுள்ள வடிகட்டி வலையான ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்யாவிட்டால், புது டர்போவும் ஆயில் கிடைக்காமல் சீக்கிரமே போய்விடும்.

"சுஃப் சுஃப்" சத்தம், காருக்குள் புகை வாடை: டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு அடியில் இருக்கும் செப்பு வாஷர் கசிகிறது. இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கறுப்பாக இறுகியிருக்கும். வாஷரை மட்டும் மாற்றினால் திரும்ப வரும். உட்காரும் இடத்தை ரீமர் போட்டுச் சமமாக்கி, புது வாஷர் வைத்து, டார்க் ரெஞ்சில் இறுக்க வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் ஆக மறுப்பது: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் நான்கு தெளிவான பாட்டிலில் விட்டுச் சில நிமிடம் ஓடவிடுங்கள். மற்ற மூன்றைவிட ஒன்றில் மட்டும் டீசல் வேகமாக நிறைந்தால் அந்த ஒன்றுதான் குற்றவாளி. நான்கையும் மாற்றச் சொன்னால் இந்தச் சோதனையைக் கண்ணெதிரே செய்து காட்டச் சொல்லுங்கள்.

டைமிங் செயின் தனிப் பாடம். இதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. இரவு முழுக்க நின்ற வண்டியை பானெட் திறந்து ஸ்டார்ட் செய்யும்போது செயின் பக்கம் ஒரு நொடி கடகடத்து அடங்கினால் பயமில்லை. நான்கைந்து நொடி நீடித்தாலோ, சூடான பிறகும் கேட்டாலோ தள்ளிப்போடாதீர்கள். செயின் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதி, வால்வைத் திறக்கும் ராக்கர்கள் முறியக்கூடும். வேலை ஓவர்ஹாலில் போய் முடியும். செயினை மட்டும் மாற்றுவது அரைகுறை வேலை. டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட், முன் ஆயில் சீல் எல்லாம் சேர்ந்த கிட் வேண்டும். ஆயில் பம்ப் அந்த முன் கவரிலேயே இருப்பதால் அதன் தேய்மானத்தையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கிராங்க், கேம் ஷாஃப்டுகளைப் பூட்டும் லாக்கிங் டூல் இல்லாமல், பெயின்ட் குறி வைத்துச் செய்கிறேன் என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

செயின் நீளக் காரணம் பெரும்பாலும் ஆயில்தான். சம்ப் கொள்ளளவு ஃபில்டரோடு சேர்த்துச் சுமார் 3 லிட்டர், அவ்வளவே. கொஞ்ச ஆயில் என்பதால் கரி சீக்கிரம் சேரும். லாரிக்கு ஊற்றும் 15டபிள்யூ-40 வேண்டாம். 5டபிள்யூ-30 சிந்தெடிக் ஊற்றி, வயதான என்ஜினுக்கு 7,500 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள். ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை விட்டு கூலன்ட்டும் காய்ச்சி வடித்த நீரும் சமபங்கு கலந்து ஊற்றுங்கள். அலுமினிய ஹெட்டை உள்ளிருந்து அரிப்பது அந்தக் குழாய்த் தண்ணீர்தான்.

கூலியை மிச்சப்படுத்த ஒரு வழி உண்டு. கிளட்சுக்காக கியர்பாக்ஸ் இறங்கும்போதே கிராங்க் பின் ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராட், ஷாக் அப்சார்பர் மவுன்ட் மூன்றையும் ஒரே நாளில் முடித்து அன்றே அலைன்மென்ட் பாருங்கள். தனித்தனியாகச் செய்தால் கூலி மூன்று முறை.

வழி 2: என்ஜின் இறக்குவது

இதற்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒன்று, சிலிண்டர் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை: சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 15 சதவீதத்துக்கு மேல் போக வேண்டும். இரண்டு ஆயில் குறைவு: மேல் கோடு வரை நிரப்பி 1,000 கி.மீ. ஓட்டிய பின் ஒரு லிட்டர் காணாமல் போயிருக்க வேண்டும். அரை லிட்டருக்குள் என்றால் ஊற்றிக்கொண்டே ஓட்டலாம்.

இறக்கினால் முழுதாகச் செய்ய வேண்டும். ஹெட்டை லேத்துக்கு அனுப்பி விரிசல் சோதனை, வால்வு கிரைண்டிங், தளம் சமன். சிலிண்டர் போரை போர் கேஜால் அளந்து, எல்லை தாண்டியிருந்தால் ஸ்லீவ் இறக்குதல். கிராங்க் ஜர்னல் அளவுக்கேற்ற பேரிங். பலரும் கோட்டை விடும் இடம் ஹெட் கேஸ்கெட்: பிளாக் தளத்துக்கு மேலே பிஸ்டன் எவ்வளவு நீட்டுகிறது என்று டயல் கேஜில் அளந்து அதற்கேற்ற தடிமனில் வாங்க வேண்டும். கடையில் இருப்பதை எடுத்துப் போட்டால் கம்ப்ரஷன் குறையும், அல்லது வால்வு உரசும். ஹெட் போல்ட்டும் புதுசுதான். முதல் 1,000 கி.மீ. மலை ஏற்றமும் முழு லோடும் வேண்டாம். அதன் முடிவில் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும்.

சென்னை புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையில் பழைய என்ஜின் வாங்கி மாட்டுவது இதைவிட மலிவாகத் தெரியும். நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உள்நிலை நமக்குத் தெரியாது; பில்லும் மூல வண்டியின் ஆவணமும் வேண்டும்; ஆர்டிஓ அனுமதி பெற்று ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) என்ஜின் எண்ணை மாற்ற வேண்டும். எண் பொருந்தாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் க்ளெய்மும் சிக்கல், ஆர்.சி. புதுப்பிப்பும் சிக்கல்.

வழி 3: புது வண்டி

8 லட்ச ரூபாய் பெட்ரோல் கார் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் 5 முதல் 10 லட்சம் வரையிலான காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 13 சதவீதம். அதுவே ஏறத்தாழ 1,04,000 ரூபாய். 7 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை 14,531. வட்டி மட்டும் 1.7 லட்சத்தைத் தாண்டும். பழைய வண்டிக்கு ஒரே ஆண்டில் ஒரு லட்சம் செலவழித்தாலும் அது ஏழு தவணைக்குக்கூட ஈடாகாது.

"புது வண்டி மைலேஜில் மிச்சமாகும்" என்பதும் இங்கே பொருந்தாது. ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டம்; டீசல் லிட்டருக்கு 18 கி.மீ., விலை 92 என்றால் செலவு சுமார் 61,300. பெட்ரோல் 17 கி.மீ., விலை 101 என்றால் சுமார் 71,300.

பயன்படுத்திய பெட்ரோல் கார் நடுவழி. எடுப்பதானால் 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானதாகப் பாருங்கள். அவற்றின் எரிபொருள் பாகங்கள் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஏற்றவை.

இத்தனைக்கும் பிறகு ஒரு விஷயத்தில் புது வண்டி பக்கம்தான் நிற்க வேண்டும்: பாதுகாப்பு. ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்ட் 2014இல் குளோபல் என்கேப் அமைப்பு நடத்திய மோதல் சோதனையில் பெரியவர் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. 2024இல் வந்த புது டிசையர் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. எந்த ஓவர்ஹாலும் இந்த இடைவெளியை அடைக்காது. குழந்தைகளோடு வாராவாரம் நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் போகும் குடும்பம், ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத மாடலை வைத்திருந்தால், மேலே உள்ள பணக் கணக்கை ஒதுக்கிவிட்டு மாற்றலாம். ஊருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு அந்த அவசரம் இல்லை.

ஆர்.சி. 15 ஆண்டு முடியும்போது

தில்லியில் டீசல் கார்களுக்கு விதித்த 10 ஆண்டுத் தடை போன்றது தமிழ்நாட்டில் இல்லை. சொந்தப் பயன்பாட்டு காருக்கு 15 ஆண்டு முடிந்ததும் ஆய்வுக்குப் பின் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 20 ஆண்டைத் தாண்டினால் இன்னும் கூடும். பசுமை வரி தனி. தாமதமானால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடுதல் என்பதால், காலாவதிக்கு முந்தைய 60 நாளுக்குள் படிவம் 25ஐக் கொடுத்துவிடுங்கள்.

பெரிய வேலை எதுவானாலும் இந்தத் தேதியை ஒட்டி வைத்துக்கொள்வது லாபம். புதுப்பிப்புக்கு மூன்று மாதம் முன்பு லிஃப்டில் ஏற்றி, கம்ப்ரஷனும் பாருங்கள். இரண்டும் தேறினால் செயின் கிட், புஷ், பிரேக் வேலைகளை முடித்துக்கொண்டு ஆய்வுக்குப் போகலாம். பாடி தேறாவிட்டால் புதுப்பிப்புக் கட்டணம் கட்டாமல், ஆர்.சி. உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடுங்கள், காலாவதியான ஆர்.சி.யோடு விற்கப்போனால் இரும்பு விலைக்குத்தான் கேட்பார்கள்.