கிடைக்காத கேட்டலிடிக் கன்வெர்ட்டர்: எதை வாங்கலாம், எதை வெட்டி ஒட்டலாம்?

பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்கள் என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பதிலைக் கேட்டே ஆக வேண்டும்: “அந்த பார்ட் இப்போ வர்றதில்லை சார்.” கதவுக் கைப்பிடியோ கண்ணாடி ரப்பரோ என்றால் எதையாவது வைத்து ஒப்பேற்றிவிடலாம். எனக்கு அந்தப் பதில் வந்தது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு, அதாவது புகைக்குழாயில் உட்கார்ந்து இன்ஜின் புகையைச் சுத்தம் செய்யும் டப்பாவுக்கு. வி6 பெட்ரோல் இன்ஜின், வயது இருபதைத் தாண்டிவிட்டது, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி கன்வெர்ட்டர். ஸ்கேனரைச் செருகினால் பி0430 என்ற பிழைக் கோட். இரண்டாவது பேங்க்கின், அதாவது இன்ஜினின் இரண்டாவது பக்கத்து சிலிண்டர் வரிசையின் கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். முதல் பேங்க் என்றால் பி0420 வரும்.

புது ஒரிஜினல் இல்லை என்றான பிறகு மிஞ்சுவது மூன்று வழிகள். வேறு கம்பெனி அதே அளவில் செய்து விற்கும் ‘டைரக்ட் ஃபிட்’. காயலான் கடையில் இன்னொரு வண்டியிலிருந்து கழற்றிய பழைய ஒரிஜினல். குழாயை வெட்டி வெல்டிங் வைக்கும் ‘யுனிவர்சல்’. நாலாவதாக ஒன்றையும் யாராவது காதோரம் சொல்வார்கள்: எடுத்துப் போட்டுவிட்டு வெறும் குழாயை மாட்டு என்று. அதற்குக் கடைசியில் வருகிறேன். மூன்றில் இரண்டை நானே செய்து பார்த்தாயிற்று. ஒரிஜினல் என்ற ஒரு சொல்லில் மயங்கி, முதலில் தப்பானதைத்தான் வாங்கினேன்.

முதலில், செத்தது எதனால்?

இதைக் கண்டுபிடிக்காமல் எதை வாங்கினாலும் தண்டம். கன்வெர்ட்டர் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை, இன்ஜின்தான் அதைக் கொல்கிறது. உள்ளே இருப்பது தேன்கூடு மாதிரியான பீங்கான் கட்டை. சதுர அங்குலத்துக்கு 400 துளை என்பது சாதாரணமாகக் காணும் அளவு. துளைச் சுவர்களில் அலுமினாப் பூச்சு, அந்தப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவற்றின் நுண்துகள்கள். ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகுதான் அது வேலையைத் தொடங்கும். கார்பன் மோனாக்சைடையும் எரியாத பெட்ரோல் ஆவியையும் எரித்து முடிக்கும், நைட்ரஜன் ஆக்சைடுகளை உடைத்து வெறும் நைட்ரஜனாக்கும்.

இன்ஜினில் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனால், எரியாத பெட்ரோல் முழுசாக அங்கே போய் எரியும். சூடு ஆயிரம் டிகிரியை நெருங்கினால் அந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். உலோகம் இருந்தும் வேலைக்கு ஆகாது. அதற்கும் மேலே போனால் பீங்கானே உருகி வழியை அடைத்துக்கொள்ளும். செக் இன்ஜின் விளக்கு சும்மா எரியாமல் மினுக்கினால், இந்தச் சேதம் இப்போதே நடக்கிறது என்று அர்த்தம். நான் அந்த மினுக்கலோடு இரண்டு வாரம் ஓட்டினேன். ஒரு இக்னிஷன் காயில்தான் போயிருந்தது. அதை அன்றைக்கே மாற்றியிருந்தால் இதை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

வேறு எதிரிகளும் உண்டு. ஆயில் குடிக்கும் பழைய இன்ஜினில், ஆயிலில் உள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின்மேல் படிந்து மூடிவிடும். ஹெட் கேஸ்கெட் கசிந்து கூலன்ட் உள்ளே போனாலும் இதே கதைதான். இன்னொரு பக்கம், கன்வெர்ட்டர் நன்றாக இருந்தும் கோட் வரலாம். இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் சின்னக் கசிவு இருந்தால் வெளிக்காற்றை இழுத்து ஆக்சிஜன் சென்சாரைக் குழப்பிவிடும். ஆகவே புதுசு தேடும் முன் இரண்டு சோதனைகள். கன்வெர்ட்டரின் வெளி ஓடு இருக்கிறதே, அதை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கியது போலச் சத்தம் வந்தால் உள்ளே பீங்கான் உடைந்துவிட்டது. அப்புறம், முன்பக்க ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜை முறுக்குங்கள். ஐடிலில் 1.25 பிஎஸ்ஐ, 2500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐ, இதற்கு மேல் போனால் அடைப்பு இருக்கிறது. பிக்கப் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும்.

டைரக்ட் ஃபிட்: கிடைத்தால் யோசிக்க வேண்டாம், ஆனால்

ஃபிளாஞ்ச் (குழாய் முனையில் போல்ட் ஏறும் தட்டு), சென்சார் ஓட்டை, குழாயின் வளைவு எல்லாம் பழையது போலவே இருக்கும். நட்டைக் கழற்று, புதிய கேஸ்கெட் வை, முறுக்கு. வெல்டிங் வேலையே இல்லை. பழைய மாடலுக்கும் இது கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதே இன்ஜினை அந்தக் கம்பெனி வேறு காரிலோ வேனிலோ போட்டிருக்கலாம். பார்ட் நம்பரும் பாதியில் மாறியிருக்கலாம். பழைய நம்பரை மட்டும் பிடித்துக்கொண்டு தேடிவிட்டு “இல்லை” என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இதில் உள்ள வம்பு வேறு. கம்ப்யூட்டர் புகையை அளப்பதில்லை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு ஆக்சிஜன் சென்சார்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது, அவ்வளவுதான். முன்னது மேலும் கீழும் துள்ளும். பின்னது ஆடாமல் நின்றால் கன்வெர்ட்டர் ஆக்சிஜனைப் பிடித்து வைத்துத் தேவைக்கு விடுகிறது என்று அர்த்தம். பூச்சில் கலந்திருக்கும் சீரியம் ஆக்சைடு செய்யும் வேலை இது. மலிவான சரக்கில் உலோகமும் குறைவு, சீரியமும் குறைவு. மாட்டிய முதல் சில மாதம் பிரமாதமாக இருக்கும். புகைச் சோதனையில் கூடத் தேறும். ஆனால் சீக்கிரமே பின்சென்சாரும் முன்சென்சார் மாதிரி துள்ளத் தொடங்கிவிடும், விளக்கு திரும்ப வந்துவிடும். அதனால் ‘பொருந்தும்’ என்று எழுதியிருப்பதோடு திருப்திப்படாமல், ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்காணிக்கும் முறை) உள்ள வண்டிக்கானதா, உங்கள் இன்ஜினின் சிசிக்கும் வண்டியின் எடைக்கும் சொல்லப்பட்டதா என்று பாருங்கள். ஒரே வண்டிக்கு இரண்டு தரம் இருந்தால் மேல்தரத்தையே எடுங்கள்; இங்கே கூடுதல் காசு உலோகத்துக்குத்தான் போகிறது.

சட்டமும் குறுக்கே வரும். கலிபோர்னியாவில் ஆஃப்டர்மார்க்கெட் கன்வெர்ட்டருக்கு, அதாவது வேறு கம்பெனி செய்ததற்கு, அங்குள்ள காற்று வாரியம் கொடுத்த அனுமதி எண் ஓட்டின்மேல் பொறித்திருக்க வேண்டும்; அந்த அனுமதியில் உங்கள் வண்டியும் சேர்ந்திருக்க வேண்டும். மற்ற இடங்களில் இவ்வளவு கெடுபிடி இல்லாமல் இருக்கலாம். உங்கள் ஊர்ச் சோதனை மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

என் மாடலுக்கு முதல் பேங்க்குக்கு டைரக்ட் ஃபிட் இருந்தது. இரண்டாவதுக்கு இல்லை. எனக்கென்று அப்படித்தான் வாய்க்கும்.

காயலான் கடை ஒரிஜினல்: பெயர் மட்டும் பெரிது

அதனால் பழைய ஒரிஜினலுக்குப் போனேன். கம்பெனி முத்திரை அப்படியே இருந்தது, தட்டினால் சத்தம் இல்லை. ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் பார்த்தால் தேன்கூட்டின் துளைகள் எல்லாம் சுத்தமாகத் தெரிந்தன. “ஒரிஜினலுக்கு ஈடாகுமா சார்?” என்று விற்றவர் கேட்டார். தலையாட்டி வாங்கி வந்தேன். மூன்று வாரம் ஓடியது. அப்புறம் அதே பி0430.

நான் கவனிக்காதது வெளிச்சம் காட்டாத விஷயம். துளை திறந்திருக்கிறதா, பீங்கான் உடைந்திருக்கிறதா என்பதைத்தான் டார்ச் சொல்லும். உலோகம் திரண்டுவிட்டதா, பாஸ்பரஸ் படிந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதைக் கழற்றிய வண்டியும் என் வண்டியின் வயதுதான். அது ஏன் காயலான் கடைக்கு வந்தது? விபத்தில் நொறுங்கிய வண்டி என்றால் கன்வெர்ட்டர் நல்லதாக இருக்க வாய்ப்புண்டு. ஆயில் குடித்து இன்ஜின் போன வண்டி என்றால் கன்வெர்ட்டர் அதற்கு முன்பே போயிருக்கும். வாங்குகிற இடத்தில் இதை யாரும் சொல்லப் போவதில்லை.

இன்னொன்று, திருட்டு. எஸ்யூவி தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் ஜாக்கி வைக்காமலே அடியில் நுழைந்து அறுத்துவிட முடிகிறது. உள்ளே விலையுயர்ந்த உலோகம் இருப்பதால் உலகம் முழுக்க இந்தத் திருட்டு பெரிய தொழிலாகவே நடக்கிறது. குழாய் முனை ஃபிளாஞ்சில் கழற்றாமல் ரம்பத்தில் அறுத்தது போலக் கோணலாக இருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். சோதித்து முத்திரையிடாத பழைய கன்வெர்ட்டரை அமெரிக்காவில் விற்பதும் மாட்டுவதும் சட்டப்படியே கூடாது.

ஆக, பழைய ஒரிஜினலையும் புதிய ஆஃப்டர்மார்க்கெட்டையும் தராசில் வைத்தால், அளவுப் பொருத்தத்தில் பழையது ஜெயிக்கும், மிச்ச ஆயுளில் தோற்கும். பொருத்தத்தை வெல்டரால் சரிசெய்ய முடியும், தேய்ந்த பூச்சை யாராலும் திரும்பப் பூச முடியாது. யாரும் தொடாமல் டப்பாவிலேயே கிடந்த பழைய ஸ்டாக் கிடைத்தால் மட்டும் கதை வேறு. வெப்பமே காணாத பூச்சு அலமாரியில் கிடந்து கெடுவதில்லை, தாராளமாக வாங்கலாம்.

யுனிவர்சல்: பழைய குழாய், புதிய தேன்கூடு

கடைசியில் எனக்குக் கைகொடுத்தது இதுதான். பழைய கன்வெர்ட்டரின் ஃபிளாஞ்ச், வளைந்த குழாய், சென்சார் ஓட்டை, வெப்பத் தகடு எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. கெட்டது நடுவில் இருந்த தேன்கூடு மட்டும். அதை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால், கிடைக்காத பார்ட்டைத் தேட வேண்டிய அவசியமே போய்விடுகிறது. உண்மையில் கிடைக்காமல் போவது வண்டிக்கென்று வளைத்த குழாயும் ஃபிளாஞ்சும்தான். தேன்கூடு எங்கும் கிடைக்கிறது. நம்மிடம் இருப்பதோ அந்தக் கிடைக்காத பாதி.

செய்த விதத்தைச் சொல்கிறேன். அளவெடுக்கும்போது குழாயின் வெளிவிட்டத்தை வெர்னியரில் பார்த்தோம். வெல்டர் முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார், சென்சார்களையும் கழற்றி ஓரமாக வைத்தார். சென்சார் மரை பெரும்பாலும் எம்18, பிட்ச் 1.5; துரு ஏறி இறுகியிருந்தால் கொஞ்சம் சூடாக்கித் திருப்ப வேண்டும், முரட்டுத்தனம் காட்டினால் மரை கையோடு வந்துவிடும். வெட்டிய பிறகு புதியதை வண்டிக்கு அடியிலேயே பிடித்து மூன்று நாலு இடத்தில் புள்ளி வெல்டிங் மட்டும் வைத்தார். பிறகு மொத்தமாகக் கழற்றி மேஜையில் வைத்து முழு வெல்டிங். மேஜையிலேயே தொடங்கியிருந்தால் ஃபிளாஞ்ச் ஒரு விரற்கடை திரும்பிப்போய் போல்ட் ஏறாது என்றார்.

இதில் தவறு நடக்கும் இடங்கள் நாலு. ஓட்டின்மேல் உள்ள அம்புக்குறி புகை போகும் திசையைப் பார்க்க வேண்டும். பழைய இடத்திலேயே பொருத்த வேண்டும்; வசதிக்காகப் பின்னால் தள்ளினால் சூடேறத் தாமதமாகும், சட்டமும் பல இடங்களில் ஒப்பாது. பின்சென்சார் கன்வெர்ட்டருக்குப் பின்னாலேயே வர வேண்டும். அப்புறம் வெல்டிங்கில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் கூட சென்சார் பொய் சொல்லும். அதனால் இன்ஜினை ஓடவிட்டு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

மேலே சொன்ன தர விஷயம் இதற்கும் பொருந்தும். பின்சென்சாரே இல்லாத மிகப் பழைய வண்டி என்றால் கவலை குறைவு. ஓபிடி-2 அமெரிக்காவில் 1996இல் கட்டாயமானது, ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001இல். அதற்கு முந்தைய வண்டிகளில் கண்காணிப்பு இவ்வளவு நுணுக்கம் இல்லை. சாதாரண யுனிவர்சலே நிம்மதியாக ஓடும்.

யுனிவர்சல் சரிப்படாத ஒரு வகையும் உண்டு. சில இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் கன்வெர்ட்டரும் ஒரே துண்டாக, இன்ஜினை ஒட்டியே இருக்கும். அங்கே வெட்டி ஒட்டுவது எல்லார் கைக்கும் வராது. வெல்டிங் தெறிப்போ உடைந்த பீங்கான் தூளோ இன்ஜினுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பதும் ஆபத்து. அப்படிப்பட்ட வண்டிக்கு டைரக்ட் ஃபிட் வரும்வரை காத்திருப்பதுதான் என் ஓட்டு. டீசல் வண்டிக்காரர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அங்கே உள்ளே இருப்பது வேறு சாமான்.

அந்த நாலாவது வழி

வெறும் குழாய் போட்டால் சத்தம் கூடும், நாற்றம் கூடும், விளக்கும் அணையாது. விளக்கை ஏமாற்ற பின்சென்சாருக்கு அடியில் ஒரு நீட்டுக் குழாயை மாட்டு என்பார்கள். நோட்டீஸ் போர்டைக் கிழித்துவிட்டுப் பரீட்சையில் பாஸ் என்பது போல. பெரும்பாலான நாடுகளில் அது குற்றம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் டேங்க்கில் ஊற்றும் ‘கன்வெர்ட்டர் கிளீனர்’ பாட்டிலால் உருகிய பீங்கான் திரும்ப வரப்போவதில்லை.

புதியதை மாட்டியதும் வெறியாக ஆக்சிலரேட்டரை மிதிக்காதீர்கள். பீங்கானைச் சுற்றி ஒரு மெத்தை இருக்கிறது. அது முதல் சூட்டில் உப்பித்தான் பீங்கானை இறுகப் பிடிக்கும். ஐடிலில் நிதானமாகச் சூடேற விட்டு, ஆறவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள். லேசாகப் புகை வாசம் வந்தால் பயப்பட வேண்டாம். ஸ்கேனரில் பிழைக் கோட்-ஐ அழித்ததும் விளக்கு அணைவதை வெற்றியாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கம்ப்யூட்டர் மறுபடி சோதித்து முடிக்கப் பல ஓட்டம் பிடிக்கும். கன்வெர்ட்டரைச் சோதிக்கும் ‘கேட்டலிஸ்ட் மானிட்டர்’ ஸ்கேனரில் ‘ரெடி’ என்று காட்டும்வரை பொறுத்திருங்கள்.

என் வண்டியில் அது ரெடி காட்ட ஒன்பது நாள் ஆனது. ஆறு காயிலும் ஆறு பிளக்கும் இப்போது புதுசு. அறுத்து எடுத்த பழைய கட்டை ஷெட்டில் கிடக்கிறது. டார்ச் அடித்தால் ஒரு பக்கம் மட்டும் வழிந்து உறைந்த மெழுகு மாதிரி இருக்கிறது.