கலிபோர்னியாச் சமுதாயக் கல்லூரியின் ஒனர்ஸ் பாடங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு மதிப்பீடு

விடுமுறைக்கு உவர்மலை வீட்டுக்கு வந்த நாள் முதல், நான் அமெரிக்காவில் "ஒனர்ஸ் படிப்பதாக" உறவினர்கள் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் நாட்டில் ஒனர்ஸ் என்றால் 120 திறமைப் புள்ளிகள் கொண்ட நான்காண்டுச் சிறப்புப் பட்டம். நான் படிப்பதோ இரண்டு ஆண்டில் 60 அலகுகளோடு (திறமைப் புள்ளியை அங்கே அலகு என்பார்கள்) முடியும் சமுதாயக் கல்லூரிப் படிப்பு. அதில் ஒனர்ஸ் என்பது தனித்தனிப் பாடங்களுக்குரிய அடைமொழி மட்டுமே. சாதாரண வரலாற்றுப் பாடத்துக்கும் ஒனர்ஸ் வரலாற்றுப் பாடத்துக்கும் அலகும் கட்டணமும் ஒன்றே. பெறுபேற்றுத் தாளில் பாடத்தின் பெயரோடு அந்தச் சொல் சேர்ந்து வரும், அவ்வளவுதான். (அலகுக்கு 46 டொலர் என்று இணையத்தில் காண்பது அந்த மாநிலத்தவருக்கான கட்டணம். எங்களைப் போன்ற வெளிநாட்டு மாணவர்கள் அதைப் போலப் பல மடங்கு செலுத்துகிறோம்.)

கோடைத் தவணையின் ஒனர்ஸ் வரலாற்றை இங்கிருந்தே இணைய வழியில் படித்தேன். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே இரவு 10.30. தெருநாய்கள் குரைப்பதையும் சேர்த்துக் கேட்டபடிதான் மற்றப் பதின்மூன்று பேரும் நான் பேசியதைக் கேட்டார்கள். விரிவுரை என்று பெரிதாக எதுவும் இல்லை. முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்து விவாதிக்க வேண்டும், அந்தப் பேச்சுக்கும் புள்ளி உண்டு. குறிப்புகளையும் கடந்தகால வினாத்தாள்களையும் மனனம் செய்து உயர்தரம் சித்தியடைந்த எனக்கு முதல் இரண்டு வாரமும் வாயே திறக்கவில்லை.

ஆய்வுக் கட்டுரைக்கு 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியதை எடுத்துக்கொண்டேன். சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் ஒன்று ஏழு நாட்கள் எரிந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வதை நானும் அப்படியே எழுதி அனுப்பினேன். அந்த வரிக்கு அருகில் விரிவுரையாளர் இரண்டே கேள்விகளை எழுதித் திருப்பி அனுப்பினார்: யார் பார்த்தார்கள், யார் எண்ணினார்கள்? அம்மம்மாவிடம் கேட்டேன், தன் தகப்பனார் சொன்னார் என்றார், தகப்பனாருக்கு யார் சொன்னது என்று அம்மம்மாவுக்கும் தெரியவில்லை. நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்துக்குச் சென்று கல்வெட்டுகளில் இருந்த திகதிகளையும் படைப்பிரிவுகளையும் குறித்து வந்தேன். கடைசியில் அந்த வரி "ஏழு நாட்கள் எரிந்ததாக ஊரார் நினைவுகூர்கின்றனர்" என்று மாறியது. மூன்று முறை திருத்தி எழுதிய அந்தக் கட்டுரைதான் இந்தப் பாடத்தில் எனக்குக் கிடைத்த பெறுமதி. நாற்பது பேர் இருக்கும் வழக்கமான வகுப்பில் ஒரு வரிக்காக எந்த விரிவுரையாளரும் இவ்வளவு மினக்கெட முடியாது.

முந்தைய தவணையின் அனுபவம் இதற்கு நேர்மாறானது. பொருளியல் ஒனர்ஸ் வகுப்புக்குப் போதிய பதிவு இல்லை என்று தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பு கல்லூரி அதை ரத்துச் செய்தது. அதற்குப் பதிலாக வழக்கமான வகுப்பில் இருந்துகொண்டே மேலதிக வேலை செய்யும் "ஒனர்ஸ் ஒப்பந்தம்" ஒன்றைத் தந்தார்கள். படிவத்தில் கையொப்பமிட்ட விரிவுரையாளரைத் தவணை முழுவதும் இரண்டு தடவைதான் தனியாகச் சந்திக்க முடிந்தது. பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றைக் கொடுத்தேன், புள்ளி வந்தது, ஒரு வரிக் கருத்தும் வரவில்லை. பெறுபேற்றுத் தாளில் இரண்டுக்கும் ஒரே அடைமொழி என்பது எனக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

சமுதாயக் கல்லூரியை முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பெற்றோர் முதலில் கேட்பது அதைத்தான். லொஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துக்கும் சில சமுதாயக் கல்லூரிகளுக்கும் இடையே "டாப்" (TAP, Transfer Alliance Program) எனப்படும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதன் கீழ் ஒனர்ஸ் திட்டத்தை முடித்துக் கல்லூரியின் அத்தாட்சியும் பெற்றவர்களின் விண்ணப்பம், கலை மற்றும் அறிவியல் பீடத்துக்கு முன்னுரிமையுடன் பரிசீலிக்கப்படும். பரிசீலனைதான்; இடம் உறுதி என்று யாராவது முகவர் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் சேரவிருக்கும் கல்லூரி அந்த ஏற்பாட்டில் இருக்கிறதா என்பதையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரும் தவணையில் ஆய்வுகூட வேலை அதிகம் என்பதால் ஒரே ஒரு ஒனர்ஸ் பாடத்துக்குத்தான் பதிவு செய்திருக்கிறேன். இம்முறை அது ரத்தானால் ஒப்பந்தத்தை ஏற்க மாட்டேன். வழக்கமான வகுப்பிலேயே இருந்துவிடுவேன்.