அம்பாசிடர் 1489 சிசி எஞ்சினுக்கு எந்தத் தெர்மோஸ்டாட்: இரண்டைப் பொருத்திப் பார்த்த அனுபவம்

குன்னூரில் நான் ஓட்டும் அம்பாசிடர் மார்க் 2 காரில், எஞ்சின் சூடேறும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை, கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொன்னார். அதைக் கேட்டுச் சில மாதங்கள் அப்படியே ஓட்டினேன், அது தவறு. காலையில் மேட்டுப்பாளையம் இறக்கத்தில் வெப்பமானியின் முள் ஏறவே இல்லை. மாலையில் மலை ஏறும்போதோ முன்பைவிட அதிகமாகச் சூடேறியது.

இதற்குக் காரணம் பைபாஸ் வழி. மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு, எம்ஜிஏ ஆகிய பிரிட்டிஷ் கார்களிலும் ஓடிய பி-சீரீஸ் எஞ்சின்தான் இது. என் வண்டியின் சிலிண்டர் ஹெட்டில், தெர்மோஸ்டாட் அமரும் குழியின் பக்கவாட்டில் ஒரு துளை இருக்கிறது. எஞ்சின் சூடேறும் வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் அந்தத் துளை வழியே வாட்டர் பம்புக்கே திரும்புகிறது. வண்டியோடு வந்த பெல்லோஸ் வகைத் (சூட்டில் விரியும் மடிப்புக் குழல் வால்வைத் திறக்கும் வகை) தெர்மோஸ்டாட்டைச் சுற்றி உலோக வளையமாக ஒரு ஸ்லீவ் இருந்தது. வால்வு திறக்கும்போது அது நகர்ந்து அந்தத் துளையை மூடும். தெர்மோஸ்டாட்டே இல்லையென்றால் துளை எப்போதும் திறந்திருக்கும். தண்ணீரில் ஒரு பகுதி குளிராமலே சுற்றிக்கொண்டிருக்கும்.

முதலில் சென்னை ஜி.பி. ரோட்டில் 82 டிகிரியில் திறக்கத் தொடங்கும் மெழுகு வகை (உள்ளிருக்கும் மெழுகு சூட்டில் விரிந்து வால்வைத் திறக்கும் வகை) ஒன்றை வாங்கினேன். விலை குறைவு, வேலைப்பாடு நேர்த்தி, காற்று வெளியேறச் சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் உண்டு. ஆனால் ஸ்லீவ் இல்லை. சமவெளியில் குறை ஒன்றும் தெரியவில்லை; மலைப்பாதையில் பர்லியாறைத் தாண்டி ஏறும்போது மட்டும் முள் நான் விரும்பியதைவிட மேலே நின்றது.

அடுத்து, பிரிட்டனிலிருந்து ஸ்லீவ் உள்ள 82 டிகிரி மெழுகு வகை ஒன்றை வரவழைத்தேன். விலை பல மடங்கு. ஆயினும் அதே ஏற்றத்தில் முள் நிலையாக நின்றதைக் கண்டபோது, கொடுத்த பணம் வீணில்லை என்று மனம் நிறைந்தது. பெல்லோஸ் வகை ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் திறந்தே நின்றுவிடும். மெழுகு வகை மூடியே நின்றுவிடக்கூடும் என்பது இதன் ஒரே அச்சம். முள் திடீரென ஏறினால் உடனே வண்டியை நிறுத்திவிட வேண்டும்.

74 டிகிரி வாங்கினால் சூடு குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் எஞ்சின் எவ்வளவு குளிராக ஓடலாம் என்ற கீழ் எல்லையைத்தான் தெர்மோஸ்டாட் நிர்ணயிக்கிறது. அடைபட்ட ரேடியேட்டரை அது காப்பாற்றாது. 88 டிகிரி ஹீட்டர் வேண்டும் குளிர்நாட்டுக்கு ஏற்றது. ஊட்டி, குன்னூரின் குளிர்காலக் காலைக்கும் 82 போதுமானதாகவே இருக்கிறது.

எதை வாங்கினாலும், நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியைத் தொடாதபடி தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பாருங்கள். என்னுடையது 83 டிகிரியில் அசையத் தொடங்கியது. மலையில் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முழுதாகத் திறக்க ஏறத்தாழ 95 டிகிரி வேண்டும், ஆனால் சுமார் 1850 மீட்டர் உயரமுள்ள குன்னூரில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். முழுதாகத் திறக்கவில்லை என்று நல்ல பொருளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எஞ்சினுக்குள் ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் கொதிநிலையை உயர்த்தி வைக்கிறது.

பொருத்தும் முன், ஸ்லீவ் கீழிறங்கும் ஆழமும் ஹெட்டில் உள்ள துளையின் ஆழமும் ஒத்துப்போகின்றனவா என்று ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். தெர்மோஸ்டாட் மேல்மூடியைப் பிடித்திருக்கும் ஸ்டட்கள் (மரையிட்ட கம்பிகள்) துருப்பிடித்திருந்தால், முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைப்பது நல்லது. அவை ஹெட்டிலேயே முறிந்தால் துளையிட்டு எடுப்பது ஒரு நாள் வேலை.