ஸ்ட்ராவா ஆப் ரிவ்யூ: சென்னையில டிரையத்லான் பண்றவங்களுக்கு இது எதுக்கு?

ஸ்ட்ராவாங்கறது ஓட்டம், சைக்கிள், நீச்சல் எல்லாத்தையும் பதிஞ்சு மத்தவங்களோட பகிர்ந்துக்கற ஆப். டிரையத்லான்னா நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒரே ரேஸ்ல அடுத்தடுத்து பண்றது. ஸ்ட்ராவா பத்தி தமிழ்ல நான் பாத்த வீடியோ, போஸ்ட் எல்லாத்துலயும் எத்தனை ஸ்டெப்பு, எத்தனை கலோரின்னு தான் பேசுறாங்க, டிரையத்லான் பண்றவங்களுக்கு இது எப்படி இருக்கும்னு எதுவும் என் கண்ணுல படல, அதனால நானே எழுதுறேன். முதல்லயே சொல்லிடறேன், கணக்கு வெச்சுக்கறதுக்கு மட்டும்னா இந்த ஆப் உங்களுக்குத் தேவையே இல்ல. கார்மின், கோரோஸ் மாதிரி வாட்ச் கூட வர்ற ஆப்லயே ஹார்ட் ரேட், பேஸ் (ஒரு கிமீக்கு எத்தனை நிமிஷம்ங்கறது), தூக்கம் எல்லாம் இதை விட விலாவாரியா இருக்கு. ஸ்ட்ராவா நல்லா பண்றது ஒண்ணே ஒண்ணு தான், உங்களை மாதிரியே இன்னும் நாலு பேர் இதே ஊர்ல இருக்காங்கன்னு தினமும் காட்டுறது. டிரையத்லான்ல அதுக்கு இருக்கற மதிப்பு ரொம்பப் பெருசு.

ஏன்னு சொல்றேன். ஒலிம்பிக் தூரம்னா 1.5 கிமீ நீச்சல், 40 கிமீ சைக்கிள், 10 கிமீ ஓட்டம். 70.3ன்னு சொல்றது 1.9 கிமீ, 90 கிமீ, 21.1 கிமீ, மூணையும் மைல் கணக்குல கூட்டினா 70.3 வரும். ஃபுல் அயர்ன்மேன்னா அது அப்படியே டபுள், பெரும்பாலும் 17 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். ஆபீஸ் போறவங்க இதுக்கு ரெடி ஆகணும்னா காலைல 4 மணிக்கு எந்திரிக்கணும், அப்படின்னா ராத்திரி 9 மணிக்கு படுத்தாகணும், ஆனா நம்ம ஊர்ல மனுஷங்க ஒண்ணு கூடுறதே 8 மணிக்கு மேல தான். ரிசப்ஷன்ல மொய் கவரைக் குடுத்துட்டு சாப்பாட்டுப் பந்திக்குக் கூட நிக்காம கிளம்பணும், செகண்ட் ஷோ கிடையாது, சனிக்கிழமை ராத்திரி எங்கயும் வர முடியாது ஏன்னா ஞாயித்துக்கிழமை லாங் ரைட். கொஞ்ச நாள் கூப்பிட்டுப் பாத்துட்டு காலேஜ் ஃப்ரெண்ட்ஸ் கூப்பிடறதை விட்டுடுவாங்க, அவங்க மேல தப்பே இல்ல. இதுல இன்னொரு கஷ்டம், ரன்னர்ஸுக்கு ரன்னிங் குரூப் இருக்கு, சைக்கிள்காரங்களுக்கு சைக்கிள் குரூப் இருக்கு, நாம ரெண்டுலயும் பாதி பாதி ஆளு, அவங்க லாங் ரன் வெச்சிருக்கற அன்னிக்கு நமக்கு சைக்கிள் இருக்கும், அவங்க சைக்கிள் எடுக்கற அன்னிக்கு நாம குளத்துல கிடப்போம். பெரும்பாலான நாள் தனியா தான்.

இந்த இடத்துல தான் ஸ்ட்ராவா வருது. 2009ல மார்க் கெய்னி, மைக்கேல் ஹார்வாத்னு ரெண்டு பேர் சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி இது, ரெண்டு பேருமே ஹார்வர்டு காலேஜ்ல துடுப்புப் படகு டீம்ல இருந்தவங்க. காலேஜ் முடிஞ்சதும் அந்த டீமும், ஒருத்தரை ஒருத்தர் உசுப்பேத்தி விடற பழக்கமும் இல்லாமப் போச்சேங்கற ஏக்கத்துல தான் இந்த ஐடியாவே பிறந்துச்சுன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. ஆப்பைத் திறந்தா அது தெரியும். முதல் ஸ்க்ரீன்ல பெரும்பாலும் வர்றது அடுத்தவங்க இன்னிக்கு என்ன பண்ணாங்கங்கறது தான்.

காலைல 7 மணிக்கு ஃபீடைத் திறந்து பாருங்க. ஒருத்தர் வேளச்சேரி குளத்துல 2 கிமீ முடிச்சிருப்பார், ஒரு அக்கா பெசன்ட் நகர் பீச்ல 12 கிமீ ஓடிட்டு பசங்களை ஸ்கூலுக்கு அனுப்பப் போயிருப்பாங்க, இன்னொருத்தர் மகாபலிபுரம் வரைக்கும் சைக்கிள்ல போயிட்டு வந்து "முட்டுக்காடு பாலத்துல காத்து அடிச்சுத் தள்ளிருச்சு"ன்னு தலைப்பு போட்டிருப்பார், கூடவே ஒரு பொங்கல் வடை போட்டோ. நீங்க ஒரு குடோஸ் தட்டுவீங்க, அதாவது அந்த ஆரஞ்சு கலர் கட்டைவிரல், அதுக்கு ஒரு செகண்ட் தான் ஆகும். வெளிய இருந்து பாக்கறவங்க இதுவும் இன்னொரு லைக் தானேன்னு கேப்பாங்க. எனக்கு அப்படித் தோணல. மத்த இடத்துல போட்டோ நல்லா இருந்தா லைக் போடுவாங்க, இங்க மே மாச வெயில்ல, வேர்வை காயாத அந்தக் காலைல, 16 கிமீ ஓடறது எப்படி இருக்கும்னு உடம்பால தெரிஞ்சவங்க தான் தட்டுறாங்க. நீங்க வழக்கத்தை விட கிமீக்கு ஒரு நிமிஷம் மெதுவா ஓடியிருந்தா "என்னாச்சுண்ணா, உடம்பு சரியில்லையா"ன்னு கமெண்ட் வரும், வீட்டுல இருக்கறவங்களே கவனிக்காத விஷயம் அது.

ஆனா ஃபீடோட நின்னுட்டா பாதி பிரயோஜனம் தான். சென்னை ரன்னர்ஸ், டபிள்யூசிசிஜி (சென்னை சைக்கிள்காரங்க குரூப்) மாதிரி பெரிய குரூப்புங்க இங்க ஏற்கனவே இருக்கு, அதுல நேர்ல பாத்தவங்களைத் தேடி ஃபாலோ பண்ணுங்க, அப்புறம் அவங்க யாரோட ஓடறாங்கன்னு பாருங்க. ரெண்டு பேர் சேர்ந்து ஒரே ரூட்ல போனா ஸ்ட்ராவா தானாவே ரெண்டையும் ஒண்ணா சேர்த்துக் காட்டும். அதைப் பாத்து ஒரு வாரத்துல புரிஞ்சுடும், இந்த மூணு பேர் எப்பவும் செவ்வாய்க்கிழமை சேர்ந்து ஓடறாங்க, அவங்க பேஸ் நம்ம பேஸ் தான், நம்ம வீட்டுக்கு 2 கிமீ தள்ளி தான் ஆரம்பிக்கறாங்கன்னு. ஒரு கமெண்ட் போட்டு "நானும் வரலாமா"ன்னு கேளுங்க, முடியாதுன்னு சொன்ன ஆளை நான் பாத்ததில்ல. எனக்கு இப்ப ரொம்ப நெருக்கமா இருக்கற ரெண்டு மூணு பேர் இப்படி வந்தவங்க தான். அவங்க வீட்டு விசேஷத்துக்குப் போறோம், அவங்களும் நம்மளை மாதிரியே 9 மணிக்குக் கிளம்பணும்னு நினைக்கறவங்க, அதனால விசேஷமே மதியச் சாப்பாடா தான் வைக்கறாங்க. 2023 கடைசில ஆப்புக்குள்ளயே மெசேஜ் அனுப்பற வசதியும் வந்துருச்சு, நம்பர் வாங்காமலே பேசிக்கலாம், முக்கியமா பெண்களுக்கு இது நல்ல விஷயம்.

அடுத்து, உத்வேகம். இங்க நான் கொஞ்சம் விரிவாவே பேசணும்.

ப்ரோ ஆளுங்க நிறைய பேர் தங்களோட ட்ரெயினிங்கை இதுல ஓப்பனா போடறாங்க. கேமரன் வர்ஃப்னு ஒரு ஆஸ்திரேலியர், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல படகு வலிச்சவர், அப்புறம் டிரையத்லான் வந்து அயர்ன்மேன் உலக சாம்பியன்ஷிப் நடக்கற ஹவாய் கோனால சைக்கிள் ரெக்கார்டை 2017லயும் 2018லயும் உடைச்சார், அதுக்கப்புறம் இனியோஸ் சைக்கிள் டீம்லயும் சேர்ந்தார். அவரோட ஸ்ட்ராவா பக்கத்தை ஃபாலோ பண்ணா ஒரு மனுஷன் ஒரு வாரத்துல இவ்வளவு செய்ய முடியுமான்னு வாயடைச்சுப் போயிடுவோம். பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அதைப் பாத்து நாம நாளைக்கு என்ன பண்ணணும்னு தெரியாது. அவர் வேலையே அது.

என்னை மாதிரி ஆளுங்களை எழுப்பி விடறது வேற கதைங்க. கிறிஸ் நிகிக்னு ஒரு அமெரிக்கப் பையன், டவுன் சிண்ட்ரோமோட பிறந்தவர், 2020 நவம்பர்ல ஃப்ளோரிடால ஃபுல் அயர்ன்மேனை 16 மணி 46 நிமிஷத்துல முடிச்சார், டவுன் சிண்ட்ரோம் இருக்கறவங்கள்ல அதை முடிச்ச முதல் ஆள். அன்னிக்கு அவர் சைக்கிள்ல இருந்து விழுந்தார், நிறுத்தின இடத்துல எறும்பு கடிச்சுது, ஆனாலும் விடல. தினமும் 1 சதவீதம் முன்னேறினா போதும், இது தான் அவரோட கணக்கு. அப்புறம் நட்டலி கிராபோ பாட்டி. 59 வயசுல தான் நீச்சலே கத்துக்கிட்டாங்க, 2025 அக்டோபர்ல 80 வயசுல கோனால உலக சாம்பியன்ஷிப்பை முடிச்சாங்க. நம்ம நாட்டுல மிலிந்த் சோமன் 2015ல 50 வயசை நெருங்கும்போது ஜூரிச்ல அயர்ன்மேன் முடிச்சது நிறைய பேருக்கு முதல் பொறி. 2019ல கோவா மிராமர் பீச்ல இந்தியாவோட முதல் 70.3 நடந்தப்போ பிஷ்வர்ஜித் சிங் ஜெயிச்சார், அதுவரைக்கும் இதுக்குன்னு வெளிநாடு தான் போகணும்னு இருந்த நிலைமை மாறுச்சு.

இதெல்லாம் கேக்கறப்போ சிலிர்க்கும், ஆனா மறுநாள் காலைல 4 மணிக்கு அலாரம் அடிக்கும்போது கிறிஸ் நிகிக் நம்ம பெட்ரூம்ல இருக்க மாட்டார். அந்த நேரத்துல என்னைப் படுக்கைல இருந்து கிளப்பறது நேத்து ஃபீட்ல பாத்த அடையார் அங்கிள் தான். 60 வயசைத் தாண்டினவர், பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவர், மழையோ வெயிலோ மெதுவா 8 கிமீ, தலைப்பு எப்பவும் வெறும் "காலை ஓட்டம்". பெருசா எதுவும் எழுத மாட்டார், யாரையும் முந்தணும்னு நினைக்க மாட்டார், விட்டுப் போன நாளும் ரொம்பக் கம்மி. அவரோட அந்த வரிசையைப் பாக்கும்போது கிடைக்கற தெம்பு எந்தப் பேச்சாளரும் குடுத்ததில்ல. நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா குளத்துக்கு வர்ற ஒரு நர்ஸ் அக்கா, சாஃப்ட்வேர் வேலைல ராத்திரி மீட்டிங் கால் முடிச்சுட்டு வீட்டு ஹால்ல ட்ரெயினர் ஸ்டாண்டுல சைக்கிளை மாட்டி மிதிக்கற தம்பி, இவங்க வாழ்க்கை நம்ம வாழ்க்கை மாதிரியே இருக்கு, அவங்களால முடியுதுன்னா நமக்குச் சொல்ல சாக்கு இல்ல. இவங்களை ஸ்ட்ராவா இல்லாம எனக்குத் தெரிஞ்சிருக்கவே வாய்ப்பில்ல. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த ஆப்புக்கு நான் முழு மார்க் குடுப்பேன்.

செக்மென்ட் பத்திச் சொல்லாம விட முடியாது. ரோட்ல ஒரு குறிப்பிட்ட துண்டை எடுத்து அதுல யார் வேகம்னு லிஸ்ட் போடறது. ஈசிஆர்ல இப்படி ஏகப்பட்டது இருக்கு. ரேஸுக்கு முன்னாடி ஸ்பீடு வொர்க்குக்கு ஜாலியா இருக்கும், ஆனா ஈஸி ரைடு போக வேண்டிய நாள்ல இதுக்காக மூச்சு வாங்க மிதிக்கறது ட்ரெயினிங்கைக் கெடுக்கும், அதை விட முக்கியம், ஈசிஆர் ரேஸ் டிராக் இல்ல, பஸ்ஸும் டூரிஸ்ட் காரும் போற ரோடு. லிஸ்ட்ல பேர் வர்றதுக்காக சிக்னல்ல நிக்காமப் போறவங்களுக்கு நான் குடோஸ் தட்டறதில்ல, நீங்களும் தட்டாதீங்க. அதே மாதிரி ஒப்பிட்டுப் பாக்கற பழக்கம். நார்வேல குளிர்ல ஓடறவங்க பேஸையும் நம்ம ஊர் வெயில்ல ஓடற பேஸையும் பக்கத்துல வெச்சுப் பாத்து மனசு ஒடிஞ்சு போகாதீங்க, சூட்டுலயும் புழுக்கத்துலயும் அதே வேகத்துக்கு இதயம் ரொம்ப ஜாஸ்தி வேலை செய்யுது.

டிரையத்லான் ஆளா பாத்தா குறைகளும் இருக்கு. வாட்ச்ல மல்டிஸ்போர்ட் மோடு போட்டு ரேஸ் பண்ணா இங்க நீச்சல், சைக்கிள், ஓட்டம்னு தனித்தனி ஆக்டிவிட்டியா தான் பிரிஞ்சு வரும். ஒரே நாள் ஒரே ரேஸ், அதோட முழுக் கதையை ஒரே இடத்துல பாக்க வழி இல்ல. நீச்சலுக்கு இங்க மவுசு கம்மி, ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் இருக்கற மாதிரி செக்மென்ட் விளையாட்டெல்லாம் அதுக்குக் கிடையாது. கடல் நீச்சல் மேப் சில சமயம் கோணல் மாணலா வரும், அது ஆப்போட தப்பு இல்ல, கை தண்ணிக்குள்ள போகும்போது வாட்சுக்கு ஜிபிஎஸ் சிக்னல் விட்டுப் போகுது. இடுப்புல கட்டற மிதவைப் பை மேல வாட்சை மாட்டினா கோடு ஓரளவு நேரா வரும்.

பிரைவசி விஷயத்துல அசால்ட்டா இருக்காதீங்க. 2018ல ஸ்ட்ராவாவோட ஹீட்மேப்ல, அதாவது எல்லாரும் ஓடின, சைக்கிள் ஓட்டின இடத்தை ஒண்ணா சேர்த்துக் காட்டற மேப்ல, ராணுவ முகாம்கள் இருக்கற இடமே வெளிச்சம் போட்ட மாதிரி தெரிஞ்சுருச்சுன்னு உலகம் பூரா நியூஸ் வந்துச்சு, சிப்பாய்ங்க முகாமைச் சுத்தி ஓடினதெல்லாம் மேப்ல கோடா வந்துருச்சு. நம்ம விஷயத்துல அது வீட்டு வாசல். தினமும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல ஆரம்பிக்கறது யாருக்கு வேணா தெரியும்னா அது ஆபத்து. அக்கவுன்ட் ஆரம்பிச்ச அன்னிக்கே செட்டிங்ஸ்ல போய் ஆரம்பிக்கற இடத்தையும் முடிக்கற இடத்தையும் மறைச்சுடுங்க, தெரியாதவங்க ரிக்வெஸ்ட் குடுத்தா தான் ஃபாலோ பண்ண முடியும்னு மாத்திடுங்க. தனியா இருட்டுல ஓடற பெண்கள் மேப்பையே முழுசா மறைச்சுட்டும் போடலாம், குடோஸ் அப்பவும் வரும். பீக்கன்னு ஒண்ணு இருக்கு, நீங்க எங்க போயிட்டிருக்கீங்கன்னு வீட்டுல இருக்கறவங்க லைவா பாக்கலாம், ஃபோன் கையில எடுத்துட்டுப் போனா அதுக்குக் காசு இல்ல. ஈசிஆர் லாங் ரைடுக்கு அதைப் போடாம நான் கிளம்பறதில்ல, அம்மாவுக்கும் நிம்மதி.

காசு கட்டணுமா? ஃபீடு, குடோஸ், கிளப், சேலஞ்ச், அப்லோடு எல்லாம் ஃப்ரீ தான். 2020 மே மாசத்துல இருந்து செக்மென்ட் முழு லிஸ்ட், ரூட் போடற வசதி மாதிரி நிறைய விஷயத்தைக் காசுக்குள்ள கொண்டு போயிட்டாங்க. கோச் வெச்சிருக்கறவங்க இன்னொண்ணு கவனிக்கணும், 2024 நவம்பர்ல ஸ்ட்ராவா தன்னோட விதியை மாத்துச்சு, ஸ்ட்ராவால இருந்து எடுக்கற டேட்டாவை வெளி ஆப்புங்க உங்களுக்கு மட்டும் தான் காட்டலாம், வேற யாருக்கும் காட்டக் கூடாது. அதனால கோச் பாக்கற ஆப்பை ஸ்ட்ராவா வழியா இணைக்காம வாட்ச் அக்கவுன்ட்ல இருந்து நேரா இணைச்சுடுங்க.

என் கணக்குல, தெரியாத ஊருக்கு ரேஸுக்குப் போய் அங்க ரூட் தேடறவங்க, செக்மென்ட்ல நிஜமாவே ஆர்வம் இருக்கறவங்க வருஷ சந்தா போடலாம். மத்தவங்களுக்கு ஃப்ரீயே தாராளம், அந்தக் காசுக்கு ஒரு நல்ல பின் லைட்டு வாங்கி சைக்கிள்ல மாட்டுங்க.