விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர்: வாங்குவதற்கு முன் திரையைத் திருப்பிப் பாருங்கள்

2021-இல், கொரோனா காலத்தில், ஒரே மாடலில் இரண்டு ஆக்ஸிமீட்டர் வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று அண்ணனுக்கு. எது நல்லது என்று பார்த்து வாங்கும் நிலையில் அப்போது யாரும் இல்லை, கிடைத்ததே பெரிது. போன மாதம் அவசரமில்லாமல் தேடி வேறொரு மாடல் வாங்கினேன். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன்.

பழையதில் குறை சொல்ல முதல் பார்வையில் எதுவும் இல்லை. இரண்டு சின்ன பேட்டரி, ஒரு பொத்தான், கருப்புத் திரையில் சிவப்பு எண்கள். ஒன்று ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவு, சதவீதத்தில்; இன்னொன்று நாடித்துடிப்பு. விரலை எடுத்தால் தானாகவே அணைந்துவிடும். ஆனால் திரை ஒரு பக்கமாக மட்டுமே தெரியும், திருப்பிக் காட்டும் வசதி கிடையாது.

அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ஆறாவது நாள் வீடியோவில் அழைத்தான். "எனக்கு மூச்சுத் திணறல் எல்லாம் இல்லம்மா, சும்மா அசதிதான். இது எவ்வளவு காட்டுதுன்னு பாரு" என்று விரலை போனுக்கு நேராக நீட்டினான். படம் கலங்கலாகத்தான் இருந்தது. 98 என்று தெரிந்தது. "தொண்ணூத்தெட்டு, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். அவன் முகம் தெளிந்ததையும் பார்த்தேன். நோட்டில் தேதி போட்டு 98 என்று எழுதிவிட்டு, நாடித்துடிப்பையும் எழுதியதும் கை நின்றது. 811. யாருக்கும் நாடி 811 துடிக்காது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பினேன். 118. அதன் பக்கத்தில் 86.

சிவப்புக் கோடுகளால் ஆன அந்த எழுத்தில் 86-ஐக் கவிழ்த்தால் அச்சு அசல் 98. மறுபடி அழைத்தேன், அண்ணி எடுத்தார்கள். அண்ணனைப் பேசச் சொல்லிக் கேட்டேன். ஒரு வாக்கியத்தை இரண்டு இடத்தில் நிறுத்தித்தான் அவனால் சொல்ல முடிந்தது. முதல் அழைப்பிலும் அப்படித்தான் பேசியிருக்கிறான். நான் எண்ணைப் பார்த்தேனே தவிர அதைக் கேட்கவில்லை.

அன்று இரவே ஆஸ்பத்திரியில் படுக்கை கிடைத்தது. பத்தொன்பது நாள் கழித்து வீடு திரும்பினான். அவன் வார்டில் இருந்த எல்லோரும் திரும்பவில்லை. அதற்கு முன்பெல்லாம் துணி மடித்துக்கொண்டே செய்தி கேட்பேன். இன்று இத்தனை பேர், நேற்றைவிட இத்தனை கூட, என்று சொல்வார்கள். அப்புறம் என்னால் அப்படிக் கேட்க முடியவில்லை. நாலாயிரம் என்று சொன்னால் நாலாயிரம் விரல்கள் கண்ணுக்குத் தெரிந்தன. ஒவ்வொன்றையும் பிடித்துக்கொண்டு யாரோ ஒருவர் எண்ணைப் படித்துக்கொண்டிருப்பார்.

சரி, கருவிக்கு வருகிறேன். சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாக அனுப்புகிறது. ஆக்ஸிஜன் ஏறிய ரத்தமும் ஏறாத ரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். ஒவ்வொரு நாடித்துடிப்பிலும் மாறும் அந்த வித்தியாசத்தை வைத்துக் கணக்குப் போடுகிறது. 1974-இல் இந்த வழியைக் கண்டுபிடித்தவர் தக்குவோ அயோயாகி என்ற ஜப்பானியப் பொறியாளர். உலகமே இந்தக் கருவியைத் தேடி அலைந்த 2020 ஏப்ரல் 18-இல் அவர் காலமானார். அண்ணன் ஆஸ்பத்திரியில் இருந்தபோது படித்தேன். யாரென்றே தெரியாத அவருக்காக அன்று அழுதேன்.

பொதுவாக 95-க்கு மேல் என்றால் நல்லது, 90-க்குக் கீழே போனால் அவசரம். கருவியில் இரண்டு முதல் நான்கு எண் வரை முன்னே பின்னே இருக்கலாம். நகப்பூச்சு இருந்தாலும் கை சில்லிட்டிருந்தாலும் தவறாகக் காட்டலாம். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஆடாமல் உட்கார்ந்து, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை பொறுக்க வேண்டும். இன்னொன்று, கருத்த தோலில் உண்மையான அளவைவிட அதிகமாகக் காட்டக்கூடும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வே இதை எச்சரித்திருக்கிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் கருப்பு. இது பெட்டியில் எங்கேயும் அச்சடிக்கப்படவில்லை, அது எனக்கு இன்னும் கோபம்.

புது மாடலில் பொத்தானை ஒரு தடவை தட்டினால் எண்கள் திரும்புகின்றன. நான்கு பக்கமும் வைத்துப் பார்த்தேன். ஆக்ஸிஜன் எண் பெரிதாகவும் வேறு நிறத்திலும் இருக்கிறது, பக்கத்தில் நாடிக்கேற்ற அலை ஓடுகிறது. கிளிப்பின் ரப்பர் கொஞ்சம் இறுக்கம், பெரிய விரலுக்கு வலிக்கும். மற்றபடி திருப்தி. திரை திரும்பாத எதையும், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

"எப்படி இருக்க?" என்று கேட்டு "இருக்கேன்" என்ற பதிலோடு போனை வைப்பது எனக்கு இப்போது வருவதில்லை. சாப்பிட்டது, தூங்கியது, படியேறியது என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். நடுவில் எங்கே மூச்சு வாங்குகிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். அண்ணனுக்குத் தெரியும். அவனாகவே நீளமாகப் பேசுவான்.

சும்மா கிடந்தால் பேட்டரி கசிந்துவிடும், கழற்றித்தான் வைத்திருக்கிறேன். அண்ணன் வரும் நாளில் மட்டும் போடுவேன். கேட்காமலே விரலை நீட்டுவான். நான் அவன் பக்கமாகப் போய் உட்கார்ந்து படிப்பேன்.